முன்வரிசையில் ஒரு கை

மந்தைவெளி, சென்னை
12.6.2025

அன்புத் தம்பி தேசப்பனுக்கு அண்ணன் பஞ்சாட்சரம் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் சுகம். சுகம் என்றால் காது போனது போனதுதான், மற்றபடி சாப்பிடுகிறேன், நடக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஓசூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? தமிழ்நிலாவும் மாப்பிள்ளை கிஷோரும் நலம்தானே?

போனில் பேச நம் இருவருக்கும் காது கிடையாது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போன் பையன் மதிவாணன் கையில், உன் போன் மாப்பிள்ளை கையில். நாம் படிப்பதற்கு முன்னால் வீடே படித்துவிடுகிறது. அதனால் பழையபடி கடிதம்தான். பாதி விரலோடு நீ எழுதும் எழுத்தைப் படிக்க நான் கண்ணாடி மாற்ற வேண்டும். ஆனாலும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாலைத்தபால் கம்பெனியிலிருந்து நேற்று ஒரே நேரத்தில் இரண்டு தடித்த உறைகள் வந்தன. ஒன்றில் நம் முதலாளி பெரியவரின் மகள் மீனாட்சி அம்மா கையெழுத்து. மற்றொன்றில் பெரியவருடைய தம்பியின் பேரன் பாரத்தின் கையெழுத்து. பெரியவர் போனதிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் கம்பெனி யாருடையது என்று சண்டையாம். பேப்பரும் டி.வி.யும் இனி யார் சொல்படி நடக்கும் என்று செப்டம்பரில் பங்குதாரர் கூட்டம் கூட்டி முடிவு செய்யப் போகிறார்கள்.

இரண்டு உறையிலும் மேலே பெரியவர் படம். அதே சிரிப்பு. இரண்டிலும் ‘பெரியவரின் கனவைக் காப்போம்’ என்று தலைப்பு. ஒருவர் மூன்றாம் தீர்மானத்தை ஆதரித்து நான்கை எதிர்க்கச் சொல்கிறார். மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார். நாலு தடவை படித்தும் எனக்கு ஏறவில்லை. உன் அண்ணி பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். அவள் உதட்டைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு புரிந்துவிடும்.

“இன்னாய்யா இது, ரெண்டு பேரும் ஒரே தாத்தா போட்டோவப் போட்டுக்கீறாங்க? அவரு யாரு வூட்டுத் தாத்தா?” என்றாள்.

94 ஆயுத பூஜையன்று பொரிப் பொட்டலத்தோடு ஆளுக்கு நூறு பங்குப் பத்திரத்தைப் பெரியவர் கையால் கொடுத்தாரே, அப்போது நாம் அதைப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு பொரியைத் தின்றோம். இப்போது அந்தத் தாளுக்கு இரண்டு பேர் கும்பிடு போடுகிறார்கள். உனக்கும் உறை வந்ததா? உனக்கு ஏதாவது புரிகிறதா?

உன் அண்ணன்,
பஞ்சாட்சரம்


ஓசூர்
28.6.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கும் அண்ணிக்கும் தம்பி தேசப்பனின் வணக்கம்.

உங்கள் கடிதம் கண்டேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். முட்டிவலி மாடிப்படியில் மட்டும்தான். குளிருக்கு தமிழ்நிலா ஒரு குல்லா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதைப் போட்டால் எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

எனக்கும் இரண்டு உறையும் வந்தன. முதலில் மீனாட்சி அம்மா சொல்வது சரி என்று பட்டது. பிறகு பாரத் எழுதியதைப் படித்தேன், அதுவும் சரி என்று பட்டது. மறுபடி முதல் உறையைப் படித்தபோது எது யாருடையது என்றே மறந்துவிட்டது. படித்தவர்கள் எழுதுவதே இப்படித்தான் போலிருக்கிறது.

கிஷோர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகிறது. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார், மதியம் வந்துவிடுகிறார். நான் கேட்பதில்லை. தமிழ்நிலாவும் கேட்பதில்லை.

மதிக்கு அச்சகத்தில் வேலை எப்படிப் போகிறது? குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தேசப்பன்


மந்தைவெளி
9.7.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். அண்ணிக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, ரசம் வைத்துக் குடித்து அவளே சரியாக்கிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு வேலை சீக்கிரம் அமையும், தைரியமாக இருக்கச் சொல்.

இங்கே என் வீடு கட்சி ஆபீஸ் ஆகிவிட்டது. திங்களன்று அனு என்று ஒரு பெண் மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தாள். பாரத் அனுப்பியவள். எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் நோட்டில் முத்து முத்தாக எழுதிக் காட்டினாள்: ‘அச்சகத்தை மூட மாட்டோம், ஐயா. நவீனமாக்குவோம்.’ நல்ல பெண். மதி வேலை முடிந்து வந்ததும் அந்த நோட்டைக் காட்டினேன்.

“நைனா, நவீனமாக்கறதுன்னா மூடறதுதான். போன வாரமே ஆளு வந்து மெஷினு கீற எடத்த நாடா புடிச்சி அளந்துக்கினு போய்ட்டான். ஈக்காட்டுத்தாங்கல்ல அந்த எடம் இன்னா வெல போவுது தெரியுமா? பேப்பர வேற பிரஸ்ல குடுத்து அடிச்சிக்குவாங்க” என்றான். சொல்லிவிட்டு அந்த மைசூர்பாகிலேயே இரண்டு துண்டு தின்றான்.

ஆக, எனக்குப் புரிந்தவரை: மீனாட்சி அம்மா ஜெயித்தால் அச்சகம் இருக்கும். பாரத் ஜெயித்தால் மதியும் இன்னும் அறுபது பேரும் வெளியே. இதை ஏன் அந்தப் பெரிய உறைகளில் ஒரு வரியில் எழுதவில்லை?

அடுத்த நாள் நம் பழைய ஃபோர்மேன் ஷரஃபுதீன் பாய் வந்தார். அவர் மீனாட்சி அம்மா பக்கம். கூட்டத்தில் முதல் வேலை கூட்டத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாம். அதற்குப் பங்குக் கணக்கு கிடையாது. அரங்கில் இருக்கும் ஆள் ஒருவருக்கு ஒரு கை. லட்சம் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு கை, நமக்கும் ஒரு கை. தன் ஓட்டை வேறொருவர் பேரில் எழுதிக் கொடுத்தவனுக்குக் கை கிடையாது, நேரில் வர வேண்டும். அந்தத் தலைவர் யார் ஆளோ அவர்கள் இஷ்டப்படிதான் மற்ற ஓட்டுகளை ஏற்பதும் தள்ளுவதும். அதனால்தான் நம் தாளுக்கு இத்தனை கும்பிடு.

மெஷின் ஆட்கள் முப்பத்தொரு பேர் இன்னும் பங்கு வைத்திருக்கிறோம். பாய் எல்லாரையும் லஸ் கார்னர் டீக்கடையில் கூட்டிவைத்து எப்போது கை தூக்குவது என்று ஒத்திகை பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பு. கை தூக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ரோட்டரி அச்சு மெஷின் ஓடும்போது யார் பேசி யாருக்குக் கேட்டது? ஒருவன் கையை விரித்துத் தூக்கினால் மெஷினை நிறுத்து என்று அர்த்தம். பார்த்தவனெல்லாம் காரணம் கேட்காமல் தூக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவன் வரை அது போய்ச் சேர வேண்டும். மெஷின் நிற்கும் வரை யாரும் இறக்கக் கூடாது.

97இல் நான் கேட்டேன். வலது கை மெஷினில் மாட்டி நீ இடது கையைத் தூக்கினாய், பேப்பர் மடிப்பு முனையில் நின்ற நான் தலையை ஆட்டி ‘ஏன்?’ என்று கேட்டேன். இரண்டு விநாடி. உன் ஆள்காட்டி விரலில் பாதி போனது. அதற்குப் பிறகு நான் எந்தக் கையையும் ஏன் என்று கேட்டதில்லை. அது உனக்கும் தெரியும்.

செப்டம்பர் 20, சனிக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில் கூட்டம். நீ இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. உன்னையும் சேர்த்தால் முப்பத்திரண்டு.

அண்ணன்


ஓசூர்
20.8.2025

அண்ணனுக்கு வணக்கம்.

பதில் எழுதத் தாமதம். மன்னியுங்கள். அண்ணிக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா?

முட்டிக்கு டாக்டர் பயணம் வேண்டாம் என்கிறார். பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் கூட்டத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்களே.

கிஷோருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கேயே ஓசூர் கிளையில் மேனேஜர். தலைமை அலுவலகம் சென்னையில். தமிழ்நிலா கோயிலுக்குப் போய்வந்தாள். வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன், உதடுகள் அசைகின்றன.

தேசப்பன்


மந்தைவெளி
27.8.2025

தம்பிக்கு,

இங்கு நலம். காய்ச்சல் போய்விட்டது. மாப்பிள்ளை சேதி கேட்டு உன் அண்ணி கற்பகாம்பாளுக்கு நெய் விளக்குப் போட்டாள். எந்தக் கம்பெனி என்று எழுதவே இல்லையே? சந்தோஷத்தில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

உன் முட்டி எனக்குத் தெரியாதா? ஜூன் மாதம் மாடிப்படியில் மட்டும் வலித்த முட்டி ஆகஸ்டில் பஸ்ஸுக்கும் வலிக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, கிண்டல்தான். மதி ஒரு நண்பனின் காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னை அழைத்துவருவதாகச் சொல்கிறான். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம். என்ன சொல்கிறாய்?

மதி வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பயந்துபோயிருக்கிறான். பெரியவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அந்த மெஷினைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் தேவலை.

அண்ணன்


ஓசூர்
10.9.2025

அண்ணா,

மதியை அனுப்ப வேண்டாம். வீண் அலைச்சல். கண்டிப்பாக வேண்டாம்.

எல்லாரும் நலம்.

தேசப்பன்


மந்தைவெளி
22.9.2025

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நலம். மனசு நலம் இல்லை.

கூட்டம் நடந்த விதத்தை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். புரிந்தது கொஞ்சம்தான்.

நாங்கள் முப்பத்தொரு பேரும் பின்னால் ஒன்றாக உட்கார்ந்தோம். ஒழுங்காகக் காது கேட்பவர்கள் நாலு பேர்தான். அதனால் ஏற்பாடு என்னவென்றால், மீனாட்சி அம்மா தரப்பு ஆளின் பெயரைச் சொல்லும்போது ஷரஃபுதீன் பாய் நடைபாதையில் நின்று பச்சைக் கைக்குட்டையை ஆட்டுவார். நாங்கள் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆரம்பித்த பத்தாவது நிமிடம் வாசலில் அடையாள அட்டைத் தகராறு. பாயை அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேடையில் நாலு பேர் ஒரே மைக்கைப் பிடித்து இழுத்தார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. யாரோ ஒருவர் மேடையை நோக்கிக் காகிதங்களை வீசினார். எல்லாருடைய வாயும் திறந்து மூடியது, ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. பச்சைக் கைக்குட்டையையும் காணோம். நான் மேடையைப் பார்க்கிறேன், வாசலைப் பார்க்கிறேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. விரித்த வலது கை, அசையாமல். நான் யோசிக்கவே இல்லை, தேசப்பா. தூக்கிவிட்டேன். என் பின்னால் இருந்தவர்கள் என் கையைப் பார்த்துத் தூக்கினார்கள். முப்பத்தொரு கையும் மேலே. மெஷின் நிற்கும் வரை இறக்கக் கூடாதல்லவா? நாங்கள் பிடித்த பிடியாக நின்றோம். இரண்டு பேர் வரிசை வரிசையாக வந்து எங்கள் கைகளை எண்ணிக்கொண்டு போனார்கள். கூச்சலை அடக்கத்தான் எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள்.

எண்ணியது பாரத் தரப்பு ஆளுக்கான கைகளை. நூற்றொன்பது பேரில் அறுபத்தாறு கை. எங்கள் கைகள் இல்லாவிட்டால் அவர் தோற்றிருப்பார். தலைவரானவர் உட்கார்ந்ததும் மீனாட்சி அம்மா பக்கம் எழுதிக் கொடுத்தவர்களின் தாள்களையெல்லாம் ஏதோ முத்திரை சரியில்லை என்று ஒதுக்கிவைத்தார். பங்குக் கணக்கில் மறுபடி எண்ணச் சொல்லி அந்த அம்மாவின் வக்கீல் எழுந்தார், மைக்கை அணைத்துவிட்டார்கள். அந்த அம்மா எழுந்து வெளியே போனபோது எங்களைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வாசலில் பாய் என் சட்டையைப் பிடித்தார். “யோவ் பஞ்சு, நீதான் மொதல்ல தூக்கினேன்னு அத்தினி பேரும் சொல்றான். இன்னாய்யா ஆச்சு உனக்கு? எவ்ளோ துட்டு குடுத்தான் அவன்?” என்றார். முப்பது வருடம் ஒரே டிபன் டப்பாவில் தின்ற மனிதர்.

முன்வரிசையில் முதலில் கை தூக்கியது யாராக இருக்கும்? நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

அண்ணன்


மந்தைவெளி
29.10.2025

தம்பிக்கு,

தீபாவளி முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. உன்னிடமிருந்து வாழ்த்தும் இல்லை, பதிலும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று அண்ணி தமிழ்நிலாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அப்பா நன்றாக இருக்கிறார், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சொன்னாளாம்.

பாரத்தின் புது இயக்குநர் குழு முதல் கூட்டத்திலேயே அச்சகத்தை மூட முடிவு செய்துவிட்டது. மதிக்கும் மற்றவர்களுக்கும் தீபாவளிக்கு முந்தின வாரம் கடிதம் வந்தது. அதிலும் மேலே பெரியவர் சிரிக்கிறார். மதி இப்போது அடையாறு பக்கம் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பைக் சொந்தமாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள்.

கடிதம் வந்த அன்று என் எதிரில் உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி மெதுவாக உதட்டை அசைத்துக் கேட்டான்: “நைனா, இன்னாத்துக்கு நைனா கையத் தூக்கினே?”

மெஷின் சைகை என்று சொன்னேன். அவனும் அதே மெஷினில் பதினாறு வருடம் நின்றவன்தான், புரிந்துகொண்டான். பிறகு, “சரி, உனக்கு முன்னாடி தூக்கினது யாரு?” என்றான். கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்றேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. பேப்பரை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். வேறு எங்கோ அச்சான பேப்பர், மை கையில் ஒட்டுகிறது.

அதனால் மறுபடி கேட்கிறேன். அது யாராக இருக்கும், தேசப்பா?

அண்ணன்


ஓசூர்
16.11.2025

அண்ணா,

உங்களையும் அண்ணியையும் நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அது நான்தான்.

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். கிஷோருக்கு வேலை கொடுத்தது மாலைத்தபால் டி.வி. வேலைக் கடிதத்தின் மேல் பெரியவர் படம் இருந்தது. அதைப் பார்த்து முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பத்து நாள் கழித்து, கூட்டத்துக்கு மாமனாரையும் அழைத்துவந்தால் நன்றாக இருக்கும் என்று கிஷோரிடம் சொன்னார்களாம். அவர் என்னை வற்புறுத்தவில்லை. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் வருகிறேன் என்றேன்.

காரில் வந்தோம். முட்டி வலிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பையன் முழங்கையால் இடித்தால் தூக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. எனக்கு எதிராக முப்பத்தொரு பேர் பின்னால் இருக்கிறார்கள், என் ஒரு கையால் என்ன ஆகிவிடப் போகிறது, நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், மாப்பிள்ளைக்கும் கெட்ட பெயர் இல்லை என்று கணக்குப் போட்டேன். இரண்டு பக்கமும் நல்லபடியாக முடியும் என்று உண்மையாகவே நம்பினேன், அண்ணா.

இடித்தான், தூக்கினேன். நான் மெஷினை நினைக்கவே இல்லை. ஓட்டுக்குத்தான் தூக்கினேன். பிறகு எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்களே என்று நானும் திரும்பினேன். முதலில் உங்கள் கை. அப்புறம் சுப்பன் கை, ஆறுமுகம் கை, எல்லாரும். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறக்குங்கள் என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? நான் என் கையை இறக்கியிருந்தால் நீங்களும் இறக்கியிருப்பீர்கள். பையன் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். நான் உதறவில்லை.

மதி என் தோளில் வளர்ந்த பிள்ளை. அவனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சுமக்க வேண்டாம்.

தேசப்பன்


மந்தைவெளி
24.11.2025

அன்புத் தம்பி தேசப்பனுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. முட்டிக்குச் சூடாக எண்ணெய் தேய்த்துக்கொள். இப்போது நிஜமாகவே வலிக்கும்.

அது உன் கை என்று எனக்கு அப்போதே தெரியும். முகம் தெரியவில்லை என்று எழுதியது உண்மை. முகம் எதற்கு? விரித்த கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. உலகத்தில் வேறு யார் கையாக இருந்தாலும் ஒரு விநாடி யோசித்திருப்பேன். உன் கை என்பதால்தான் யோசிக்கவில்லை. ஓசூரில் இருப்பவன் இங்கே எப்படி என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. அன்று ஏன் என்று கேட்டதில் உன் விரல் போனது. இன்று கேட்காததில் மதியின் வேலை போனது.

நீயாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். பாயிடம் சொல்லவில்லை. மதியிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அதை நீ வந்து அவன் எதிரில் உட்கார்ந்து சொல். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. கிஷோர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் படித்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் பிள்ளையும் இப்போது அப்படித்தான் உட்கார்கிறான்.

மீனாட்சி அம்மா வழக்குப் போட்டு, அந்தக் கூட்டம் செல்லாது என்று உத்தரவு வாங்கியிருக்கிறார். ஜனவரி 24 மறுபடி கூட்டம். இந்தத் தடவை கை கிடையாதாம், தலைவரைக்கூட நீதிபதியே நியமித்துவிட்டார். எல்லாம் பங்குக் கணக்கு. நம் நூறு பங்கெல்லாம் அதில் எண்ணிக்கைக்கே வராது. மெஷினைப் பிரித்து விற்காமல் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது என்கிறார் பாய். நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை.

ஆனாலும் நீ வா. முதல் நாளே வந்துவிடு. நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கிவைப்பதாக அண்ணி சொல்கிறாள். கூட்டத்தில் முன்வரிசையெல்லாம் வேண்டாம், என் பக்கத்தில் உட்கார். பழக்கதோஷத்தில் நீ கையைத் தூக்கினால் நான் உன் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பேன். பதில் சொல்லிவிட்டுத் தூக்கு.

தமிழ்நிலாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்,
பஞ்சாட்சரம்